குற்றாலத்துக் காட்டுக்கோழியைக் குரல் கொடுத்து அழைக்கலாமா? துணைக்கு யாரைக் கூட்டிப் போவது?

காலை 5.45 மணி. ஐந்தருவிச் சாலையில் டீக்கடைகள் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. மலைப் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது. 'குக்... காயா... காயா... குக்.' நாட்டுச் சேவல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால், கடைசியில் அந்த நீண்ட இழுவை இல்லை. வெடுக்கென்று முடிந்துவிடுகிறது.

அது காட்டுக்கோழிச் சேவல். உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. 'காட்டுக்கோழி சத்தம்' என்று தேடினால் யூடியூபில் அதே குரல் கிடைக்கும். ஸ்பீக்கரில் போட்டால் சேவல் கிட்டே வருமா? வர வாய்ப்பு உண்டு. ஆனால், போடலாமா?

அமெரிக்காவில் காட்டு வான்கோழியைக் குரல் கொடுத்து வரவழைக்கும் வேட்டை வீடியோக்களை ரீல்ஸில் பார்த்துவிட்டு, 'நம்ம ஊர்லயும் ஒரு செட்டு சேர்த்துப் போலாமே' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஆசைக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: பறவையின் மொழியைக் கற்பது, கூட வர ஆள் தேடுவது. இரண்டுமே தென்காசி, குற்றாலத்தில் சாத்தியம்தான். ஆனால், கண்ணியையும் துப்பாக்கியையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

காட்டு வான்கோழி வட அமெரிக்காவின் பறவை. நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் வான்கோழிகளின் மூதாதையும் அதுதான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் அங்கே பல மாநிலங்களில் அது அழிந்தேபோனது. பிறகு பிடித்துக் கொண்டுபோய் வேறு காடுகளில் விட்டு, எண்ணிக்கையை மீட்டார்கள். இன்று அங்கே பருவம், அனுமதிச் சீட்டு, எத்தனை பறவை என்ற வரம்பு ஆகியவற்றோடு வேட்டை சட்டப்படி நடக்கிறது.

வசந்த காலத்தில் ஆண் வான்கோழி 'கடகட'வென்று குரல் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிடும். இயல்பில் பெட்டைதான் ஆணைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்குகிறார். சிறு மரப்பெட்டியின் மூடியை உரசியோ, வாய்க்குள் வைக்கும் மெல்லிய சவ்வை ஊதியோ பெட்டையின் குரலை எழுப்பி, ஆணைத் தன் பக்கம் நடக்க வைக்கிறார். இதில் குரல் எழுப்புவதைவிடக் கஷ்டமானது, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வது. அதிகம் கூப்பிட்டால் பறவை, 'அதுவே வரட்டும்' என்று நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

கூட்டாளி எதற்கு? ஒருவர் பின்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பார். இன்னொருவர் முன்னால் துப்பாக்கியோடு இருப்பார். குரலை நோக்கி வரும் பறவை முன்னால் இருப்பவரைக் கடக்கும்போது மாட்டிக்கொள்ளும். பாதுகாப்பும் ஒரு காரணம். இலை நிற உடையில் மறைந்து உட்கார்ந்து, அச்சு அசலாக வான்கோழி மாதிரிக் குரல் கொடுத்தால், அடுத்த வேட்டைக்காரர் உங்களையே வான்கோழி என்று நினைத்துச் சுட்டுவிடலாம். அப்படி விபத்துகள் நடந்திருப்பதால், ஆண் வான்கோழித் தலையின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் எதையும் அணியக் கூடாது என்றே புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

நம் ஊரில் இந்தக் கலை இருந்ததா?

நிறையவே இருந்தது. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடிக்கும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே வருகிறது. அந்தப் பழக்கிய விலங்குக்குப் பெயர் 'பார்வை'. கௌதாரி பிடிப்பதும் இதே கணக்குதான். கூண்டில் ஒரு சேவல் கௌதாரி இருக்கும். அது கத்தும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரனான காட்டுக் கௌதாரி, 'என் எல்லையில எவன்டா?' என்று சண்டைக்கு வரும். கூண்டைச் சுற்றிக் கண்ணி இருக்கும்.

கவனித்தீர்களா? வான்கோழி ஜோடி தேடி வருகிறது. கௌதாரி கோபத்தில் வருகிறது. ஆனால், பின்னால் குரல், முன்னால் பொறி என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

குற்றாலத்துக்கே உரிய சாட்சி ஒன்றும் உண்டு. குற்றாலம் அருகே மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் எழுதிய 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. பள்ளிப் பாடத்தில் மலைவளம் பாடும் குறத்தி சிங்கியைப் படித்திருப்போம். அவள் கணவன் சிங்கனின் தொழில் பறவை பிடிப்பது. மரத்தின் மேல் ஏறி, வயல்களில் பறவைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்ப்பான். என்னென்ன பறவைகள், எந்தெந்த வயல்களில் மேய்கின்றன என்று பெயர் பெயராகச் சொல்வான். கண்ணி கொண்டுவரச் சொல்வான். அவனுக்கு நூவன் என்றொரு கூட்டாளியும் உண்டு.

எந்தப் பறவை, எந்த இடம், எப்போது வரும் என்று இன்றைக்குப் பறவை ஆர்வலர்கள் செல்போன் ஆப்பில் பதிவதும் இதைத்தான். சிங்கனுக்கு அந்தப் பட்டியல் கண்ணி வைக்கும் வரைக்குமான வேலை. இப்போது பட்டியலோடு வேலை முடிகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நரிக்குறவர் போன்ற சமூகங்களுக்குப் பறவையின் குரல் பொழுதுபோக்கு அல்ல, சோறு. 1972-ல் வந்த சட்டம் அந்தத் தொழிலை மூடியபோது, பாசிமணி, ஊசி விற்பனைக்கு அவர்கள் மாற வேண்டியிருந்தது. மாற்றுப் பிழைப்புக்கான உதவி அதே வேகத்தில் வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023-ல்தான். பிழைப்புக்காகச் செய்தவர்களே விட்டுவிட வேண்டி வந்த ஒன்றை, வார இறுதி ஜாலிக்காக நாம் எடுப்பதில் நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 9-வது பிரிவு, பட்டியலில் உள்ள வன உயிர்களை வேட்டையாடத் தடை விதிக்கிறது. தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் மூடியது. ஆகவே, பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்று எதுவும் இந்தியாவில் கிடையாது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்:

'பிடிக்கவே இல்லையே, முயற்சிதானே செஞ்சோம்?' வேட்டை என்பதற்கான சட்ட விளக்கத்திலேயே கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் வருகின்றன. இவற்றுக்கான முயற்சியும் வேட்டைதான். பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதில் சேரும்.

'நான் டார்ச் மட்டும்தான் பிடிச்சேன்.' உடந்தையாக இருப்பதும் குற்றம். கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பது இங்கே வெறும் நட்பு விஷயம் இல்லை. செட்டில் ஒருவர் கண்ணி கொண்டுவந்தால் வழக்கில் எல்லோர் பெயரும் வரலாம். குரூப்பில் பகிர்ந்த வீடியோவே சாட்சியாகும்.

'ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே?' துப்பாக்கி வைத்திருப்பது வேறு, அதால் பறவையைச் சுடுவது வேறு. கையில் எந்த ஆயுதம் இருந்தாலும் வேட்டை வேட்டைதான்.

'கடையில காடை விக்கிறாங்களே?' அது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. பண்ணை வான்கோழியும் அப்படியே. காட்டில் பிடித்த காடை, கௌதாரி, காட்டுக்கோழி இறைச்சியை வைத்திருப்பதும் வாங்குவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

தண்டனை? 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ, குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய். பயன்படுத்திய வண்டியும் கருவிகளும் பறிபோகும்.

தென்காசி மாவட்டத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 357 சதுர கிலோமீட்டர். குற்றாலம் தொடங்கி வடக்கே நீளும் மலைக்காடுகளில் பெரும் பகுதி அதற்குள் வருகிறது. தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. 'சும்மா மலையடிவாரம்தானே' என்று நீங்கள் நினைக்கும் இடம் சரணாலயமாக இருக்கலாம்.

'பிடிக்கப் போறதில்ல, போட்டோ மட்டும்தான்.' குரலை ஒலிக்கவிடலாமா?

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. பறவையைக் கொல்லவில்லை, கூண்டில் அடைக்கவில்லை. ஸ்பீக்கரில் குரல் போட்டு வரவழைத்து நாலு படம் எடுக்கிறோம். இதில் என்ன பாதிப்பு?

சேவலின் பக்கமிருந்து யோசியுங்கள். தன் எல்லைக்குள் இன்னொரு சேவலின் குரல். இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. எதிரி கண்ணில் படவில்லை. ஆனால், குரல் மட்டும் ஓயவில்லை. நிஜச் சேவல் என்றால் ஒரு கட்டத்தில் தோற்று ஓடும். செல்போன் தோற்காது. இனப்பெருக்கக் காலத்தில் இப்படி ஒவ்வொரு வார இறுதியும் ஒவ்வொரு செட்டு வந்தால், பறவைக்கு இரைக்கும் குஞ்சுக்கும் செலவழிக்க வேண்டிய நேரமும் சக்தியும் வீணாகும். திறந்த வெளிக்கு வரும் பறவை வல்லூறு, கீரி கண்ணிலும் படும்.

ஆராய்ச்சியாளர்கள் சில இரவுப் பறவைகளைக் கணக்கெடுக்க, அனுமதியோடு, அளவோடு ஒலிபரப்புவது உண்டு. அது தனி. அமெரிக்காவிலேயே பல தேசியப் பூங்காக்களில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க அனுமதி இல்லை. இந்தியப் பறவை ஆர்வலர் குழுக்களும் இதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

கூப்பிடாதீர்கள், கேளுங்கள். கேட்டதை ரெக்கார்ட் செய்யுங்கள். அந்த ஒலியை 'ஈபேர்டு', 'செனோ-கேன்டோ' போன்ற பொதுத் தளங்களில் ஏற்றினால், ஆராய்ச்சிக்கும் உதவும். பறவைக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

சரி, குரலைப் படிப்பது எப்படி?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். குற்றால மலையில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. இந்தியக் காடுகளுக்கு மட்டுமே உரியது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா என்பவரின் பெயர்தான் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றிலும் மெழுகு சொட்டியது போல மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்த இறகு ஐரோப்பாவில் தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சி செய்யப் போனது. அதற்காகவே எத்தனையோ சேவல்கள் செத்தன. நம் வீட்டுக் கோழி செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்றாலும், பல கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு சொன்னது.

சாரல் சீசனுக்குக் குற்றாலம் வருபவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சேவல்கள் இறகு உதிர்க்கும் காலம். அந்த அழகிய கழுத்து இறகும் இருக்காது, கூவலும் குறையும். குரல் பழக நல்ல காலம், அருவியில் கூட்டம் குறைந்த பிறகு, குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை.

பயிற்சியை நான்கு வாரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: வீட்டுச் சேவல். சிரிக்க வேண்டாம். நாட்டுச் சேவல் கூவலில் கடைசி இழுவையைக் கவனியுங்கள். அது காதில் பதிந்தால்தான், இழுவை இல்லாமல் வெட்டி முடியும் காட்டுச் சேவலைப் பிரித்தறிய முடியும். மலையடிவார ஊர்களில் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்.

இரண்டாம் வாரம்: கௌதாரி. இதற்கு மலைக்குப் போக வேண்டாம். சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் உடைமரப் புதர்களிலும் காலையில் காது கொடுங்கள். 'க-தீ-தர், க-தீ-தர்' என்று வேகம் கூடிக்கொண்டே போகும். இந்தியில் அதற்கு 'தீதர்' என்று பெயர் வந்ததே இந்தக் குரலால்தான்.

மூன்றாம் வாரம்: காட்டோரம். பொது அனுமதி உள்ள சாலையோரத்தில், விடியும்போதும் பொழுது சாயும்போதும் 20 நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதல் கூவல் எந்தத் திசை? பதில் கூவல் வந்ததா? எத்தனை சேவல்? கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூவலுக்குச் சற்று முன்பு 'படபட'வென்று இறக்கை அடிக்கும் சத்தமும் கேட்கலாம்.

நான்காம் வாரம்: ஏமாற்றுக்காரர்கள். துடுப்புவால் கரிச்சான் என்ற பறவை மற்றப் பறவைகளின் குரலை அப்படியே மிமிக்ரி செய்யும். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து நாலு பறவைகளின் குரல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

'மெர்லின்' என்ற இலவச ஆப், கேட்கும் குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும். உதவியானதுதான். ஆனால், அதுவும் தப்பு செய்யும். ஆப் சொன்ன பெயரைக் கண்ணால் பார்த்தோ, இரண்டு மூன்று முறை கேட்டோ உறுதி செய்த பிறகு பதிவு செய்யுங்கள்.

கூட்டாளி தேடுவது எங்கே?

தென்காசியில் வேலை பார்க்கிற, அல்லது வார இறுதிக்கு ஊர் திரும்புகிற பலருக்கு இதுதான் பெரிய தடை. 'ஆர்வம் இருக்கு, கூட வர ஆளில்ல.' சில வழிகள்:

• தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம், பிற அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடத்துகிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் நடக்கும். புதியவர்களை அனுபவசாலிகளோடு குழுவாகச் சேர்த்துவிடுவார்கள். ஆள் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

• வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு. ஆண்டின் முதல் மாதங்களில் நீர்ப்பறவைக்கும் நிலப்பறவைக்கும் தனித்தனியாக நடக்கிறது. தன்னார்வலர்களுக்கு இடம் உண்டு. உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். காட்டுக்குள் சட்டப்படி காலடி வைக்க இது நேர்மையான வழி.

• பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையில் எங்கிருந்தும் பங்கேற்கலாம். தாத்தா வீட்டு மாடியே போதும்.

• ஊர்ப் பெரியவர்கள். ஆடு மேய்ப்பவர், வயல் காவல் பார்த்தவர், ஒரு காலத்தில் கண்ணி வைத்துப் பழகியவர். 'அண்ணாச்சி, இந்தச் சத்தம் எதோடது?' என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பில் இல்லாத உள்ளூர்ப் பெயரும் பழக்கமும் அவர்களிடம் இருக்கும். பழையதைச் சொன்னதற்காக அவர்களை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிடாதீர்கள்.

யாரோடு போகக் கூடாது?

ஆள் கிடைப்பதைவிடச் சரியான ஆள் கிடைப்பது முக்கியம். ஸ்பீக்கர் கொண்டுவருபவர், கூடு எங்கே இருக்கிறது என்று லொகேஷன் போடுபவர், 'கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கு' என்பவர், பாட்டில் எடுத்து வருபவர்... இவர்களோடு முதல் முறையே 'வரல'ன்னு சொல்லிவிடுவது நல்லது. மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் பேச்சு கூடும், பறவை குறையும்.

செண்பகாதேவி அருவி, தேனருவிப் பக்கம் பொதுமக்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 'வழி தெரியும்' என்று யாரும் அழைத்தால் போகாதீர்கள். யானை, கரடி, சிறுத்தை நடமாடும் மலை இது. வெள்ளமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மழை மூட்டம் தெரிந்தால் ஓடைப் பக்கம் நிற்க வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்காவது கண்ணியோ, கூண்டுக் கௌதாரியோ கண்ணில் பட்டால் நீங்களே போய் வம்பு இழுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

சுருக்கமாக

• காட்டுக்கோழி, கௌதாரி, காடை எதையும் வேட்டையாட அனுமதி கிடையாது. முயற்சியும் உடந்தையும் குற்றம்.

• படம் எடுக்க என்றாலும் குரலை ஒலிக்கவிட வேண்டாம். ரெக்கார்ட் செய்யலாம்.

• கூவல் கேட்க ஏற்ற காலம் குளிர்காலம் முதல் கோடை வரை. சாரல் சீசன் அல்ல.

• கூட்டாளி வேண்டுமா? ஜனவரிக் கணக்கெடுப்பில் பெயர் கொடுங்கள்.

அடுத்த முறை ஐந்தருவிச் சாலையில் விடியற்காலையில் அந்தக் குரல் கேட்டால், போனை எடுங்கள். ஸ்பீக்கரை அல்ல, ரெக்கார்டரை அழுத்துங்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால், எதிர்ச் சரிவிலிருந்து இன்னொரு சேவல் பதில் சொல்வதும் அதில் பதிவாகலாம்.